பூனையும் ஆர்க்கிட் செடியும்

உதகையில் ஒரு நண்பர் வீட்டுக்கு மார்கழிக் காலையில் போயிருந்தேன். ஜன்னலோரம் பூத்திருந்த ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் தொட்டியோடு கவிழ்ந்து கிடக்கிறது. கூடமெல்லாம் தொட்டியிலிருந்த மரப்பட்டைத் துண்டுகள். பக்கத்தில் பூனை, ஒன்றும் தெரியாதது மாதிரி முன்னங்காலை நக்கிக்கொண்டிருக்கிறது.

"ஐயோ, இலையைக் கடிச்சிருக்கே, விஷமாயிடுமோ?" என்றார் நண்பர்.

"பயப்படாதீங்க. இந்தச் செடி பூனைக்கும் நாய்க்கும் விஷமில்லை. பூனையாலதான் செடிக்கு ஆபத்து!" என்றேன்.

தொட்டியைக் கனமான பீங்கான் சட்டிக்குள் இறக்கினோம். பூனை தோண்டாதபடி பட்டைமேல் பெரிய கூழாங்கற்களை இடைவெளி விட்டு வைத்தோம்.

அடுத்த எதிரி குளிர். இது வெப்பமண்டலச் செடி. இரவில் 15 டிகிரிக்குக் கீழே போனால் தாங்காது. ராத்திரியில் ஜன்னல் கண்ணாடியை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். தண்ணீரைக் காலையில்தான் ஊற்ற வேண்டும். நடுக்குருத்தில் தேங்கினால் அழுகிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. சில வாரம் இரவில் லேசான குளிர் பட்டால்தான் இது பூங்காம்பு விடும்.

"அப்ப குளிர் நல்லதா, கெட்டதா?" என்றார் நண்பர்.

"பிள்ளைகளுக்குக் கண்டிப்பு மாதிரிதான். அளவா இருந்தா பூக்கும், மிஞ்சினா வாடும்!"

நண்பர் பூனையைத் திரும்பிப் பார்த்தார். அது இன்னொரு காலை நக்க ஆரம்பித்தது.