30 வினாடி என்று யார் சொன்னது?

ஒரு மென்பொருளின் கையேட்டில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: சர்வரின் பதிலுக்கு 30 வினாடி காத்திருக்க வேண்டும். ஏன் 30? எழுதியவர் சோதித்துப் பார்த்தாரா, வேறெங்கோ படித்தாரா, தோராயமாகப் போட்டாரா? இது தெரியாதவரை அந்த எண்ணில் கைவைக்க யாருக்கும் துணிவு வராது. தவறோ என்று சந்தேகம் வந்தாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். கையேட்டுக்கும் அடிக்குறிப்பு வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். எழுதப்பட்டதை நம்பாமல் மேலும் கேட்பவருக்கே அது மிகவும் பயன்படுகிறது.

இத்தகைய கையேடுகளில் பலவும் இன்று மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையில் எழுதப்படுகின்றன. ஏரன் ஸ்வார்ட்ஸின் உதவியோடு ஜான் குரூபர் 2004இல் அதை வெளியிட்டபோது அடிக்குறிப்புக்கு அதில் இடமில்லை. மல்டிமார்க்டவுன், பேன்டாக் போன்ற விரிவாக்கங்கள் பின்னர் அந்தக் குறையைத் தீர்த்தன; நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2021இல் அடிக்குறிப்பை ஏற்றுக்கொண்டது. முறை எளிது: சதுர அடைப்புக்குள் கூரை போன்ற ஒரு குறி, அதை ஒட்டி ஒரு பெயர். கோப்பில் வேறோர் இடத்தில் அதே அடைப்பை எழுதி, முக்காற்புள்ளி வைத்து, விளக்கம் தரவேண்டும். அந்தப் பெயர் எண்ணாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் நேயர்களே, என்னை மிகவும் ஈர்க்கும் அம்சம். "காத்திருப்பு" என்றே பெயரிடலாம். நடுவில் பத்தி சேர்த்தாலும் நீக்கினாலும், பக்கம் உருவாகும்போது எண்கள் தாமாகவே வரிசைப்படும். பலர் மாறி மாறித் திருத்தும் ஆவணத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஆய்வேடு போல நூல்விவரமும் வேண்டுவோருக்கு, தனிக் கோப்பிலிருந்து அதை எடுத்து அடுக்கித் தரும் வசதி பேன்டாக்கில் உண்டு.

வாக்கியத்திலேயே ஓர் இணைய இணைப்பைக் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் உள்ள இணைய முகவரிகளில் ஏறத்தாழப் பாதி, முதலில் சுட்டிய செய்தியை இப்போது காட்டுவதில்லை என்று ஹார்வர்டின் ஜோனதன் ஜிட்ரெயினும் அவருடைய சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. நீதிமன்றத்துக்கே அந்த நிலை என்றால் கையேட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அடிக்குறிப்பில் ஆசிரியர், தலைப்பு, பார்த்த தேதி மூன்றும் இருந்தால், முகவரி செத்துப்போன பிறகும் மூலத்தைத் தேட ஒரு பிடி கிடைக்கும். கோப்பின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில் வரலாறு முழுவதும் இருக்கிறதே என்பது இன்னொரு வாதம். வரியை யார், எப்போது மாற்றினார் என்பதை அது நிச்சயம் காட்டும். ஆனால் காரணத்தை, மாற்றியவர் எழுதி வைத்திருந்தால் மட்டுமே அங்கே காணலாம். கையேட்டைப் படிப்பவர் அவ்வளவு தூரம் தோண்டவும் மாட்டார்.

எல்லாக் கருவிகளும் அடிக்குறிப்பை ஏற்பதில்லை என்ற ஆட்சேபம் மட்டும் நியாயமானது. காமன்மார்க் என்ற பொது வரையறையில் அது இல்லை. கிட்ஹப்பின் விக்கிப் பக்கங்களிலும் வேலை செய்யாது. அப்படிப்பட்ட இடங்களில் குறி குறியாகவே திரையில் நிற்கும், பார்வைக்குச் சற்று அழகு குறையும். ஆனால் வெறும் எழுத்தாகப் படித்தாலும் புரியவேண்டும் என்பதற்காக உருவான முறை மார்க்டவுன். ஆகவே கீழே எழுதிய மூலமும் தேதியும் அங்கேயும் படிக்கக் கிடைக்கும். 30 வினாடி எங்கிருந்து வந்தது என்று கேட்பவருக்கு விடை அந்தக் கோப்பிலேயே இருக்கும்.