காற்றாலைகளின் வரவும் செலவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் காற்றாலை. தமிழ் பேச வேண்டிய மேடையில் எந்திரப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நாம் விஞ்ஞானம் கற்றோம் அல்லோம். பொறியியல் பயின்றோமும் அல்லோம். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் கணக்கேடு எழுதி வருகிறோம். எனினும் இச்சங்கத்துக் குடும்பங்களுள் பல வள்ளியூர், பணகுடி, ஆரல்வாய்மொழி, உடுமலைப்பேட்டைப் பகுதிகளிலிருந்து வந்தவை. அங்கே இன்னும் நமக்குச் சிறிது புஞ்சை உண்டு. "காற்றாலைக்கு நிலம் கேட்கிறார்கள், பத்திரத்தில் ஒப்பமிட வருக" என்று ஊரிலிருந்து செய்தி வருவது நம் காலனியில் புதிதன்று. ஆதலால் இதன் நன்மை தீமைகளை நாம் அறிந்துகொள்வது கடமையாகும்.

முதலில் வரவுப் பக்கத்தைப் பார்ப்போம்.

நம் நாட்டில் காற்றாலைத் தொகுதிகள் 1986ஆம் ஆண்டில் தொடங்கின. குஜராத்தில் ஓக்கா, மகாராஷ்டிரத்தில் இரத்தினகிரி, தமிழ்நாட்டில் தூத்துக்குடி ஆகிய கடற்கரைப் பகுதிகளில் அவை முதலில் நிறுவப்பட்டன. அன்று ஒரு பொறியின் திறன் 55 கிலோவாட். இன்று நிறுவப்படும் பொறிகளோ ஒவ்வொன்றும் 3,000 கிலோவாட் அளவும் அதற்கு மேலும் திறன் உடையவை. அன்றைய பொறிகள் ஐம்பத்தைந்து செய்த வேலையை இன்று ஒன்றே செய்துவிடும். 2025ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாட்டின் மொத்தக் காற்றாலைத் திறன் 50,000 மெகாவாட்டைக் கடந்தது. அவ்வாண்டுக் கணக்கின்படி மாநிலங்களுள் குஜராத்து முதலிடத்திலும் தமிழ்நாடு அதற்கு அடுத்தும் நின்றன.

இதனால் விளையும் நன்மை யாது? ஒரு மெகாவாட் திறனுள்ள பொறி ஆண்டு முழுதும் இடையறாது முழுத் திறனுடன் சுழன்றால் 87 இலட்சத்து 60 ஆயிரம் யூனிட் மின்சாரம் தரவேண்டும். காற்று அப்படி வீசுவதில்லை. கால்பங்கே கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 22 இலட்சம் யூனிட் சேரும். இதற்கு ஒரு கூடை நிலக்கரியும் வேண்டா. நீராவிக்குத் தண்ணீரும் வேண்டா. சாம்பலும் இல்லை, புகையும் இல்லை. கம்பத்தின் அடியில் எஞ்சிய நிலத்தில் சோளமும் பயறும் விதைக்கலாம். ஆடு மாடும் மேயலாம்.

நம் துறையே இதன் பயனை உணர்ந்துள்ளது. பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலைக்கென 10.5 மெகாவாட் காற்றாலைகள் திருநெல்வேலி மாவட்டத்தில் நிறுவப்பட்டன. 2015ஆம் ஆண்டில் இராஜஸ்தானத்து ஜெய்சல்மேரில் இரயில்வே 26 மெகாவாட் காற்றாலைத் தொகுதி ஒன்றை இயக்கத் தொடங்கியது. நிலக்கரியைச் சுமந்தே பெரும் சரக்கு வருவாய் ஈட்டும் நம் துறை, காற்றையும் நாடுவது நல்ல அறிகுறியன்றோ?

இனிச் செலவுப் பக்கத்துக்கு வருவோம். இதைப் பலர் புரட்டிப் பார்ப்பதில்லை.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து பெறத்தக்க ஆற்றல் எட்டு மடங்காகிறது. ஆகையால் காற்று மிகுந்த இடத்தைத் தேடியே பொறி செல்லும். கணவாய், மலைமேட்டுச் சமவெளி, பாலை, கடற்கரை ஆகியவையே அதற்கு உகந்த இடங்கள். இவை பெரும்பாலும் அரசாங்கப் பதிவேட்டில் தரிசு என்று குறிக்கப்பட்டவை. ஆயினும் தரிசு என்று எழுதப்பட்டதெல்லாம் வெறும் நிலம் ஆகிவிடுமா?

நமக்கு அண்மையில் உள்ள சாத்தாரா மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். நம் காலனிக் குடும்பங்கள் பல தோசேகர் அருவியைக் காணச் சென்றுள்ளன. அதற்கு மேலே சால்கேவாடி மேட்டில் காற்றாடிகள் வரிசை வரிசையாய்ச் சுழல்வதைக் கண்டு குழந்தைகள் மகிழ்ந்திருப்பர். அந்த மேட்டைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து, 2018ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். காற்றாலைகள் உள்ள பகுதியில் பருந்து, வல்லூறு போன்ற இரைதேர் பறவைகள், இல்லாத பகுதியைக் காட்டிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. அப்பறவைகள் குறையவே, தொண்டையை விசிறிபோல் விரிக்கும் ஒருவகை ஓணான் பெருகிற்று; அதன் அச்சமும் குறைந்தது. மேலே சுழலும் இறக்கை கீழே புல்லிடையே வாழும் சிற்றுயிரின் வாழ்வையும் மாற்றிவிடுகிறது என்பதை இதனால் அறிகிறோம்.

ஜெய்சல்மேர்ப் பாலையில் நிகழ்வது இதனினும் துயரமானது. தமிழில் கானமயில் என்றும் இம்மாநிலத்தில் மாள்டோக் என்றும் வழங்கும் பெரும் பறவையின் கடைசிப் புகலிடம் அது. இன்று இருநூறுக்கும் குறைவாகவே அவை எஞ்சியுள்ளன. உடல் கனத்தது; நேர்முன்னே பார்க்கும் ஆற்றல் குறைந்தது; ஆதலால் பறக்கும்போது மின்கம்பியைக் காணாமல் மோதி மடிகிறது. ஒருமுறைக்குப் பெரும்பாலும் ஒரு முட்டையே இடும் பறவை, இந்த இழப்பை எங்ஙனம் ஈடுசெய்யும்? காற்றாலையிலிருந்தும் சூரிய ஒளி நிலையத்திலிருந்தும் செல்லும் கம்பிகளை நிலத்தடியில் பதிக்க வேண்டுமென்று உச்சநீதிமன்றம் 2021ஆம் ஆண்டில் ஆணையிட்டது. அவ்வளவு பெரும் பரப்பில் அது இயலாது என்று அரசாங்கம் முறையிட்டதன்மேல், 2024 மார்ச்சில் அவ்வாணையைத் தளர்த்தி, வல்லுநர் குழுவொன்றை நியமித்தது. அப்பகுதி மக்களோ, தலைமுறை தலைமுறையாக ஓரண் என்ற பெயரில் தெய்வத்துக்கு விட்டுவைத்த மேய்ச்சற்காடுகளைக் காக்குமாறு வேண்டி வருகின்றனர். அவர்களுக்கு அது தரிசன்று. ஒட்டகமும் ஆடும் மேயும் வாழ்வாதாரம்.

வேறு குறைகளும் உள. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை நம் ஊர்ப் பொறிகள் நன்கு சுழலும். மற்ற மாதங்களில் சோர்ந்து நிற்கும். ஆகவே காற்றை மட்டும் நம்பி வீட்டு விளக்கையோ இரயில் வண்டியையோ ஓட்டுதல் இயலாது. பொறியின் ஆயுள் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள். அதன்பின் கண்ணாடியிழையால் ஆன இறக்கைகளை உருக்கி எளிதில் மறுபடி பயன்படுத்த வழியில்லை. அருகில் வாழ்வோர்க்கு இரவில் ஓயாத இரைச்சல் வேறு.

இவ்விரு பக்கங்களையும் கூட்டிப் பார்க்கையில் நமக்குத் தோன்றுவது ஒன்று. வரவு கம்பி வழியே தொலைவில் உள்ள நகரத்துக்குப் போகிறது. செலவு கம்பத்தின் அடியில் இருப்பவர் பெயரில் எழுதப்படுகிறது. நம் காலனியில் மின்விசிறி சுழலும்போது சால்கேவாடியின் ஆயனை நாம் நினைப்பதில்லை. காற்றாலையே வேண்டா என்று சொல்வது அறிவுடைமை ஆகாது. நிலக்கரிச் சுரங்கத்தால் ஊரிழந்தோரும் இந்நாட்டு மக்களே. எங்கே வைப்பது, அங்கே வாழ்வோர்க்கு என்ன பங்கு என்ற இரண்டையும் முன்னரே தீர்த்துக்கொண்டு வைக்க வேண்டும் என்பதே நம் கருத்து. தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்கை, பழைய சிறு பொறிகளை நீக்கிப் புதிய பெரும் பொறிகளை நிறுவ வழி செய்கிறது. முன்னரே கம்பம் நின்ற இடத்தில் மிகுந்த மின்சாரம் பெறலாமாயின், புது நிலத்தைத் தொடுவது குறையும்.

முடிவாக, ஊரில் நிலமுள்ள நம்மவர்க்கு ஒரு வேண்டுகோள். நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார், முப்பது ஆண்டுகளுக்கு முன், விளையாத புஞ்சைதானே என்று தரகர் சொன்ன விலைக்கு நிலத்தைக் கொடுத்தனர். பத்திரத்தை முழுதும் படித்தவர் அக்குடும்பத்தில் ஒருவரும் இல்லை. பக்கத்துக் கிணற்றுக்குப் போகும் வண்டிப்பாதையும் அத்துடன் போயிற்று. மீதமிருந்த இரண்டு ஏக்கர் இன்றுவரை பயிரின்றிக் கிடக்கிறது.

ஆதலால் தொலைவில் இருந்துகொண்டு யாருக்கும் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கேட்பது கிரயமா, குத்தகையா என்று தெளியுங்கள். குத்தகையாயின் தொகை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை உயரும் என்று எழுதி வாங்குங்கள். பாதை, ஓடை, மேய்ச்சல் ஆகியவற்றின் உரிமை பத்திரத்தில் இருக்கட்டும். ஆயுள் முடிந்தபின் கம்பத்தையும் கான்கிரீட்டு அடித்தளத்தையும் அகற்றுவது யார் பொறுப்பு என்று கேளுங்கள். பங்காளிகளை மட்டுமன்றி, அந்நிலத்தை இன்று உழுபவரையும் மேய்ப்பவரையும் கலந்து பேசுங்கள். நமக்கு அது விடுமுறையில் பார்க்கும் நிலம். அவர்களுக்கு அன்றாட நிலம். பத்திரம் படிப்பதில் உதவி வேண்டுவோர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சங்க நூலகத்துக்கு வந்தால், சட்டம் அறிந்த நண்பரை உடனிருத்தி நாமும் இருந்து படித்துத் தருவோம்.