எழுபது வளைவும் எண்ணி முடியாத நெபுலாக்களும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பனி மூடிய காலையில் அடிவாரத்தில் நின்று அண்ணாந்தால் இரண்டு மூன்று வண்டிகள்தான் கண்ணில் படும். மலையில் மொத்தம் எத்தனை வண்டி இருக்கும்? மணிக்கு எத்தனை ஏறுகிறது, ஏறி முடிக்க எவ்வளவு நேரம் என்று தெரிந்தால் பெருக்கிச் சொல்லிவிடலாம். பால்வீதியின் கோள் நெபுலாக்களுக்கும் இதே கணக்குதான்.

கோளுக்கும் கோள் நெபுலாவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சூரியன் போன்ற விண்மீன் முதுமையில் தன் மேலுறையை ஊதித் தள்ளும். உள்ளே மிஞ்சும் சூடான கரு அந்த வாயுவை ஒளிர வைக்கும். சில பத்தாயிரம் ஆண்டுகளில் ஆட்டம் முடிந்துவிடும். கரு மட்டும் வெள்ளைக் குள்ளனாய் ஆறிக் கிடக்கும். நம் விஞ்ஞானி சந்திரசேகர் 1930-இல் கப்பலில் போகும்போது நிறை வரம்பு கணக்கிட்டாரே, அதே குள்ளன்தான்!

கொல்லிமலை மேல் செம்மேட்டுப் பக்கம் தொலைநோக்கி வைத்து வளைய நெபுலா என்ற கோள் நெபுலாவைக் காட்டினால், “போட்டோவில் கலர் கலரா இருந்துச்சே?” என்றுதான் முதலில் கேட்பார்கள். சின்னத் தொலைநோக்கியில் நிறம் தெரியாது, சாம்பல் பூத்த ஒரு பொட்டுதான். நேரே முறைக்காமல் பார்வையைச் சற்று ஓரமாக்கச் சொல்வேன். ஒரு பாட்டி அப்படிப் பார்த்துவிட்டு, “நடுவுல ஓட்டை இருக்குது சாமி” என்றார். படித்தவர்கள் பலருக்கு அது கண்ணில் படவே இல்லை!

சரி, கணக்குக்கு வருவோம். 2006-இல் மேக்ஸ்வெல் மோ, ஒர்சோலா டி மார்கோ இருவரும் கணினிக்குள் ஒரு பால்வீதியையே உருவாக்கி, விண்மீன்களை முதுமையடைய விட்டார்கள். ஏறத்தாழ 46,000 நெபுலாக்கள் இருக்க வேண்டும் என்றது கணினி. வானத்தைப் பார்த்துப் போட்ட மதிப்பீடோ 8,000 அளவில்தான். தூசி மறைத்ததையும் சேர்த்துத்தான் அந்த 8,000. அப்படியானால் பல விண்மீன்கள் நெபுலா உண்டாக்குவதே இல்லையா? தனி விண்மீனால் முடியாதா, நெபுலா உண்டாக ஜோடி விண்மீன் வேண்டுமா? இந்தச் சந்தேகம் இன்றும் முழுதாகத் தீரவில்லை. நம் சூரியன் பாடு? 2018-இல் வந்த புதிய மாதிரிகளின்படி அதுவும் மங்கலாக ஒன்றை உண்டாக்கும்.

ஆடி 17, 18-இல் வல்வில் ஓரி விழாவுக்குக் கொல்லிமலை ஏறுகிறவர்கள், மேகம் விலகினால், இரவு 10 மணிக்கு வடக்கே உயரத்தில் பளிச்சென்று தெரியும் அபிஜித் (வேகா) விண்மீனைத் தேடுங்கள். வளைய நெபுலா அதற்குப் பக்கத்தில்தான்.