ஒன்றுமில்லை என்ற நற்செய்தி

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

இவ்விழாவிலே பேசவேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபொழுது, இளைஞர் ஆற்றவேண்டிய தொண்டைப் பற்றி ஏதாவது சொல் என்றார். தொண்டு செய்வதைப் பற்றிப் பேச எனக்கு வயதும் போதாது, அனுபவமும் போதாது. ஆனால், பிறர் செய்த தொண்டைப் பெற்றுக்கொண்ட அனுபவம் ஒன்று அண்மையிலே எனக்கு வாய்த்தது. பெற்றுக்கொண்டபின் நன்றி சொல்லாமல் வந்துவிட்ட குற்றமும் என்னிடம் உண்டு. அதனையே உங்கள் முன் வைக்கிறேன்.

சென்ற மார்கழி விடுமுறைக்கு வீடு வந்திருந்தேன். வாடைக்காற்றும் மழையுமாக இருந்த ஓர் இரவு. ஒன்றரை மணியிருக்கும். அப்பப்பாவின் அறையிலே விளக்கு எரிவதைக் கண்டு எட்டிப் பார்த்தேன். கட்டிலிலே எழுந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் குளிரிலும் முகமெல்லாம் வியர்வை. துறைமுகத்திலே பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். வருத்தம் என்று பாயிலே படுத்தறியாதவர். “இது வாய்வடா தம்பி. ஓமத்தண்ணி கொஞ்சம் கொண்டு வா. விடியச் சரியாகிவிடும்” என்றார்.

நான் தயங்கினேன். இதனை ஒளிக்காமற் சொல்லவேண்டும். அவர் சொல்வதுபோல வெறும் வாய்வாக இருந்துவிட்டால்? நள்ளிரவிலே வைத்தியசாலையை எழுப்பி, ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால் ஊர் சிரிக்காதா? இப்படியெல்லாம் என் மனம் கணக்குப் பார்த்தது. எங்கள் ஒழுங்கையிலே ஒரு மாமா இருந்தார். அவரும் இப்படித்தான் ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு விடியட்டும் என்று படுத்தார். விடிந்தது, அவர் எழும்பவில்லை. அந்த நினைவு வந்தும் என் கால் அசையவில்லை. அசைய வைத்தவர் அப்பம்மா. “வெட்கத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் 1990க்குப் போன் எடு” என்றார்.

எடுத்தேன். மறுபுறத்திலே பேசியவருக்கு என் பதற்றம் புதிதன்று. எந்த ஊர், எந்த ஒழுங்கை, பேசுகிறாரா, மூச்சு முட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். “வண்டி வருகுது. அவரை நடக்க விடாதீங்க. வாசல் லைட்டைப் போட்டு வையுங்க” என்றார். அம்புலன்ஸ் வண்டி எங்கள் படலைக்கு வந்தது. வண்டியிலிருந்து இறங்கிய இளைஞர் என்னிலும் இரண்டு மூன்று வயதே மூத்தவராயிருப்பார். நாடியைப் பார்த்தார், இரத்த அழுத்தத்தை அளந்தார், விரல் நுனியிலே சிறு கருவியைப் பொருத்தினார். மழையிலே தாம் நனைந்து, அப்பப்பா நனையாமல் ஏற்றினார்.

வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவிலே எங்களை யாரும் காக்க வைக்கவில்லை. சில நிமிடங்களிலே ஈ. சி. ஜி. எடுத்தாயிற்று. அதிலே பிழை ஒன்றும் தெரியவில்லை. அப்படியானால் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். இளம் வைத்தியர் பொறுமையாக விளக்கினார். முதல் ஈ. சி. ஜி. சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று முடிவு கட்ட முடியாதாம். இருதயத் தசைக்குச் சேதம் நேர்ந்தால் ட்ரொப்பொனின் என்னும் புரதம் இரத்தத்திலே கலக்கும். ஆனால் அது இரத்தத்திலே தெரிய வருவதற்குச் சில மணி நேரம் செல்லும். ஆகையால் இப்பொழுது ஒரு முறையும், சில மணி நேரங்கழித்து மறுமுறையும் பார்க்கவேண்டும் என்றார்.

அந்த மணி நேரங்களிலேதான் நான் பல காரியங்களைக் கண்டேன். தாதி ஒருவர் சிங்களச் சகோதரி. அப்பப்பாவைச் “சீயா” என்று அழைத்து, தமக்குத் தெரிந்த தமிழிலே “பயம் வேணாம்” என்று சொல்லிச் சொல்லிப் போனார். தள்ளுகட்டிலைத் தள்ளிய சிற்றூழியர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு நானா. அப்பப்பாவின் செருப்பை மறவாமல் எடுத்துக் கட்டிலின் கீழே வைத்தார். மூன்று மணியளவிலே வீதி விபத்தில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் அங்கே ஓடினார்கள். இரத்தத்தைக் கண்டதும் எனக்கு நாணம் மேலிட்டது. அங்கே உயிருக்குப் போராட்டம். இங்கே வாய்வோ என்னவோ என்று நாங்கள் ஒரு கட்டிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறோமே என்று எண்ணினேன். ஆனால் அந்த நெருக்கடியிலும், குறித்த நேரத்துக்குத் தாதி வந்து மறுமுறை இரத்தம் எடுக்கத் தவறவில்லை. மேசையிலே அவர் ஊற்றி வைத்த தேநீர் விடியும்வரை அப்படியே ஆறிக் கிடந்தது.

காலையிலே வைத்தியர் வந்தார். “ஐயா, இருதயத்துக்கு ஒண்டுமில்லை. இரண்டு முறையும் பார்த்தாச்சு. வயிற்று அமிலம் மேலே ஏறினதாலே வந்த நோ” என்றார். அப்பப்பாவின் தலை குனிந்தது. “உங்கள் எல்லோரையும் சும்மா அலைக்கழித்துப் போட்டேன், டொக்டர்” என்றார். வைத்தியர் சிரித்துக்கொண்டு சொன்ன மறுமொழிக்காகவே நான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன். “இதுக்குத்தானே ஐயா நாங்க இருக்கிறம். திரும்பவும் இப்படி நோ வந்தா, போன தடவை ஒண்டுமில்லைத்தானே எண்டு இருந்திடாதீங்க. உடனே வாங்க.”

நாங்கள் மகிழ்ச்சியோடு முச்சக்கர வண்டியிலே ஏறினோம். சிரித்துக்கொண்டே வீடு வந்தோம். ஒருவராவது திரும்பிச் சென்று நன்றி சொல்லவில்லை. நான் படித்தது மிஷன் பள்ளிக்கூடத்திலே. பத்துக் குஷ்டரோகிகள் குணமடைந்து போக, ஒருவன் மாத்திரமே நன்றி சொல்லத் திரும்பி வந்தான் என்ற கதையை அங்கே பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த ஒன்பது பேரையும் ஏளனமாக நினைத்திருக்கிறேன். நான் பத்தாவது ஆளல்லன், ஒன்பதுக்குள் ஒருவன் என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது. அன்று பின்னேரம் வைத்தியசாலைக்குப் போனேன். அன்றிரவு கடமையிலிருந்த ஒருவரும் அங்கில்லை. அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. கடமையிலிருந்த தாதி, “சொல்லிவிடுறம் தம்பி. சுகமாப் போனவர் திரும்பி வந்து சொல்லுறது அருமை. ஒண்டுமில்லை எண்டு போனவர் வாறது அதைவிட அருமை” என்றார்.

அன்பர்களே, அவர் சொன்னதை எண்ணிப் பாருங்கள். உயிரைக் காப்பாற்றினால் வைத்தியரைத் தெய்வம் என்கிறோம். ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினால், வீண் அலைச்சல் என்கிறோம். ஆனால் அந்த ஒன்றுமில்லை என்ற ஒரு சொல்லை உண்டாக்க எத்தனை பேர் ஓரிரவு கண்விழித்தார்கள்! தொலைபேசியிலே பேசியவர், வண்டி ஓட்டியவர், தாதி, வைத்தியர், சிற்றூழியர், எங்கோ ஓர் அறையிலே இரத்தத்தைச் சோதித்த முகந்தெரியாத ஆய்வுகூட உத்தியோகத்தர். வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவிலே, நோயாளி, வைத்தியன், மருந்து என்ற மூன்றோடு நிறுத்தவில்லை; அருகிருந்து மருந்து கொடுப்பவனையும் நான்காவதாகச் சேர்த்தார். அந்த நான்காமவரைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

வீண் எச்சரிக்கை என்பது நம் ஊருக்குப் புதியதன்று. 2012ஆம் ஆண்டு சித்திரை 11ஆந் தேதி பிற்பகல், சுமாத்திராக் கரைக்கு அப்பால் 8.6 அளவிலே பூமி அதிர்ந்தது. எனக்கு அப்பொழுது எட்டு வயது. கடல் வருகிறது என்ற செய்தி கேட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியது நினைவிருக்கிறது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் தேதி இந்நாட்டிலே முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோயிற்று. கிண்ணியா வைத்தியசாலையும் அன்று அலைக்கு இரையானது. அன்று எச்சரிப்பார் இருக்கவில்லை. 2012இலே எச்சரிக்கை வந்தது; கடல் வரவில்லை. 2004இலே கடலடித்தளம் மேலெழுந்து நீரைத் தள்ளியது. 2012இலே பூமித்தட்டுகள் பக்கவாட்டிலே வழுக்கின. ஆனால் அதிர்ந்த கணத்திலே இதனை யார் அறிவார்? கடல் மட்டத்தை அளந்து பார்த்த பின்னரே அபாயமில்லை என்று சொல்ல முடிந்தது. அப்பப்பாவின் நெஞ்சு நோவும் அப்படித்தான். நோவு வந்த கணத்திலே அது வாய்வா, மாரடைப்பா என்று நானும் அறியேன், அவரும் அறியார்.

எச்சரிக்கைகளைக் கண்டு சலித்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டின் மலேரியா வரலாறே சான்று. 1934, 1935ஆம் ஆண்டுகளிலே அந்நோய் ஏறத்தாழ எண்பதினாயிரம் பேரைக் கொன்றது. பெருமுயற்சியால் 1963ஆம் ஆண்டிலே நாடு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா கண்டது. இனிப் பயமில்லை என்று கண்காணிப்புத் தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. பின்னர் ஊர் ஊராகச் சென்று, காய்ச்சல் கண்டவர்களின் விரலிலே குத்தி, ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான இரத்தத் துளிகளைச் சோதித்தார்கள். அவற்றிலே மிகப் பெரும்பாலானவற்றிலே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லைகளை அலுக்காமல் எண்ணியவர்களாலேயே, 2016ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது.

அன்றிரவு எங்களிடம் யாரும் பணம் கேட்கவில்லை. 1951ஆம் ஆண்டிலே அரசினர் வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டது. 1990 அம்புலன்ஸ் சேவை 2016ஆம் ஆண்டு இந்தியாவின் நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களிலே தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது, அதற்கும் கட்டணமில்லை. செல்வம் மிகுந்த சில நாடுகளிலே, வண்டிக்கு வரும் பணச்சீட்டை எண்ணி அஞ்சி நோயாளர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள் என்று படிக்கிறோம். நம்மைத் தடுப்பது பணமன்று; வெட்கம் மாத்திரமே. 2022ஆம் ஆண்டு எரிபொருளும் மருந்தும் தட்டுப்பட்ட காலத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதன்பின் வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை கூற எனக்கு உரிமையில்லை. ஆனால் இங்கேயே இருந்து கடமை செய்பவர்களுக்கு நாம் என்ன கைம்மாறு செய்தோம் என்று கேட்க உரிமையுண்டு.

ஆதலின் இளைஞர்களாகிய நாம் நான்கு காரியங்களைச் செய்வோம். முதலாவது, நடு நெஞ்சிலே அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோ, வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியன கண்டால் விடியும்வரை காத்திராமல் 1990ஐ அழைப்போம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் இக்குறிகள் தெளிவாகத் தோன்றாமலும் வரலாம் என்பதை வீட்டிலே சொல்லி வைப்போம். இரண்டாவது, விளையாட்டுக்காக அந்த எண்ணை அழைப்பவனை நண்பனானாலும் கண்டிப்போம். அஞ்சி அழைப்பது வேறு, ஏமாற்ற அழைப்பது வேறு. மூன்றாவது, ஆண்டுக்கொரு முறையேனும் இரத்ததானம் செய்வோம். நான்காவது, வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும்பொழுது, கடமையிலிருப்பவரின் பெயரைக் கேட்டு, அப்பெயரைச் சொல்லி ஒரு நன்றி கூறுவோம். அதற்கு ஒரு நிமிடம் போதும்.

அப்பப்பா இன்று முன்வரிசையிலே அமர்ந்திருக்கிறார். அவரைக் காணும் ஒவ்வொரு நாளும், அன்றிரவு எங்களுக்காக விழித்திருந்தவர்களை நினைக்கிறேன். அவர்கள் பெயர் நான் அறியேன். இந்த அவையிலே அவர்களுள் ஒருவரோ, அவர்களின் உறவினர் ஒருவரோ இருந்தால், காலந்தாழ்த்திச் சொல்லும் இந்த நன்றியை அருள்கூர்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள்.