கையால் அழுத்துங்கள், உயிரைக் காப்பாற்றுங்கள்

 

வைட்ஃபீல்டில் எங்கு பார்த்தாலும் கட்டட வேலை நடக்கிறது. கம்பி, தகரம், டைல்ஸ் வெட்டும் மெஷின் இவற்றோடுதான் நம் பிழைப்பு. அதனால் இன்று இரத்தப்போக்கைப் பற்றிப் பேசுகிறேன்.

வளர்ந்தவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. பெரிய இரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா இருக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர்தான் காப்பாற்ற வேண்டும்.

ஒரு மேஸ்திரியின் கை மெஷினில் வெட்டுப்படுகிறது. என்ன செய்வது?

மெஷினை நிறுத்துங்கள். ஒருவர் 108க்குப் போன் செய்யட்டும். இன்னொருவர் சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்துப் பலமாக அழுத்தட்டும். கையில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொள்வது நல்லது. 'இரத்தம் நின்றதா?' என்று திறந்து பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி வைத்து அழுத்துங்கள். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். கம்பி குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அதைச் சுற்றி அழுத்துங்கள்.

இரத்தம் மிகவும் குறைந்தால் உறுப்புகளுக்கு இரத்தம் போய்ச் சேராது. இதைத்தான் டாக்டர்கள் 'ஷாக்' என்கிறார்கள். முகம் வெளுக்கும். கை கால் சில்லிடும். வியர்க்கும். நாடி வேகமாக, மெலிதாகத் துடிக்கும். சாரத்திலிருந்து விழுந்தவருக்கு வெளியே இரத்தம் தெரியாது. ஆனால் வயிற்றுக்குள் கசியலாம். இந்த அடையாளங்களைப் பாருங்கள். அவரைப் படுத்தபடியே இருக்க விடுங்கள். போர்த்துங்கள். தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். ஆபரேஷன் தேவைப்படலாம்.

சாலையில் அடிபட்டவருக்கும் இதே உதவிதான். 'போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டுமே' என்று ஒதுங்குகிறோம். அந்தப் பயம் வேண்டாம். 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது. பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது.

2016 பிப்ரவரியில், பெங்களூரு பக்கம் நெலமங்கலாவில் லாரி மோதி ஹரீஷ் என்ற இளைஞர் இறந்தார். உடல் சிதைந்து கிடந்தபோதும் தன் உறுப்புகளைத் தானம் செய்யச் சொன்னார். அவர் கண்கள் தானமாயின. விபத்தில் சிக்கியவர்களுக்கு உடனடிச் சிகிச்சை கிடைக்க, அதே ஆண்டு கர்நாடக அரசு அவர் பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது.

அவர் கண்களையே கொடுத்தார். நாம் பத்து நிமிடம் கை கொடுக்க மாட்டோமா?