கையில் தொழில் இருக்கிறது, காகிதம் எங்கே?



"வெல்டிங் வேலையா? படிப்பு ஏறாத பையனுக்கு அது" என்று எதிரணி நண்பர் சொல்லிவிட்டுப் போனார். அவையும் கைதட்டியது. கைதட்டியவர்களில் பாதிப்பேர் வீட்டு வாசலில் இரும்பு கேட் இருக்கும். அதைப் பற்றவைத்தவன் யார் என்று ஒருவராவது கேட்டதுண்டா?

நெகிரி செம்பிலான் தோட்டங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். லின்சம், சுவா பெத்தோங், பிராட்வெல், கெர்பி, பத்தாங் பெனார் என்று பெயர் சொன்னாலே பலருக்குப் பெரட்டுக்களம் கண்ணில் வரும். ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆலை வேண்டும், ஆலைக்கு இரும்பு வேண்டும், இரும்பு தேயும், உடையும், துருப்பிடிக்கும். குலை ஏற்றும் டிரெய்லர் முதல் ஆலைக்குள் நீராவியில் குலையை வேகவைக்கும் கூண்டு வரை, நாள் தவறாமல் எங்காவது ஒன்று விரிந்து நிற்கும். அதை ஒட்டிக் கொடுப்பதற்கென்று ஒர்க்‌ஷாப்பில் ஓர் ஆள் இருப்பார். தோட்டம் முழுக்க அவருக்கு ஒரே பெயர், வெல்டர் அண்ணன்.

அப்படி இருபது வருடம் குச்சி பிடித்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். பதினாறு வயதில் சிலிண்டர் தூக்கினார், கசடு தட்டினார், பெரியவர் பிடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தே பழகினார். கையில் அத்தனை சுத்தம். ஆனால் அதே ஆலையில் கொதிகலன் ஒழுகினால் வெளியிலிருந்து ஆள் வருவான். கொதிகலனிலும் அழுத்தக் கலன்களிலும் தகுதித் தேர்வு பெற்ற வெல்டர்தான் கைவைக்கலாம் என்பது சட்டம். வந்தவனுக்கு வயது இருபத்தைந்து இருக்கும். அவனுக்குக் குச்சி எடுத்துக் கொடுப்பது யார்? வெல்டர் அண்ணன்!

ஒரு நாள் தோட்டம் கைமாறுகிறது. 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆட்குறைப்பின்போது வருடத்துக்கு 20 நாள் சம்பளம். இருபது வருடத்துக்கு 400 நாள் சம்பளம் கைக்கு வரும். லயத்து வீடோ வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும். நீலாயில் தோட்டமாக இருந்த நிலம் எத்தனை பட்டணமாகவும் தொழிற்சாலையாகவும் மாறிவிட்டது என்பதை ரயிலில் போகிறவர்களே பார்க்கலாம்.

சரி, பக்கத்தில் வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. போர்ட்டிக்சனில் 1960களில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. எஸ்ஸோ ஆலை 2012இல் பெட்ரோன் ஆனது, ஷெல் ஆலை 2016இல் ஹெங்யுவான் கைக்குப் போனது. இத்தகைய ஆலைகளைப் பழுதுபார்க்க நிறுத்தும் காலத்தில் குத்தகைக்காரர்கள் வெல்டர்களைத் தேடி அலைவார்கள். ஆனால் வாசலில் முதலில் கேட்பது பாதுகாப்பு அட்டை. அடுத்தது தேர்வு. குழாயை 45 பாகை சாய்த்து அசையாமல் பூட்டிவிடுவார்கள். வெல்டர்தான் அதைச் சுற்றி வளைந்து, மேலும் கீழும் பக்கவாட்டிலுமாக ஒரே தையல்போல் முடிக்க வேண்டும். '6ஜி' என்பார்கள். பிறகு எக்ஸ்ரே. ஊசிமுனைத் துளை இருந்தாலும் படத்தில் தெரிந்துவிடும். படிப்பு ஏறாதவன் வேலை என்றாரே நண்பர், அவர் ஒரு முறை வந்து பிடித்துப் பார்க்கட்டும்.

அண்ணனுக்கு அந்தக் குழாய் பெரிய சவால் அல்ல. ஆனால் 'அனுபவச் சான்று' என்ற கட்டத்தில் எழுத அவரிடம் ஒரு வரிகூட இல்லை.

இதற்கு வழி உண்டு என்பதே பல தோட்டங்களுக்கு எட்டவில்லை. எஸ்.கே.எம். என்கிற மலேசியத் திறன் சான்றிதழின் முதல் நிலைக்கு எஸ்.பி.எம். தேர்ச்சி கட்டாயமில்லை. 2005இல் வந்த இரட்டைப் பயிற்சித் திட்டத்தில் பெரும்பகுதி நேரம் வேலையிடத்திலேயே கற்கலாம். செலவுக்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடன் இருக்கிறது. பெடாஸில் மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. செரம்பானில் டேஃப் கல்லூரியை எம்.ஐ.இ.டி. தொடங்கியதே இந்தப் பிள்ளைகளை மனத்தில் வைத்துத்தான். எங்கே எந்த வகுப்பு நடக்கிறது என்று நேரில் போய்க் கேட்பதே நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று பிள்ளையைச் சேர்த்துவிட்டு, ஆறு மாதம் கழித்துத் தலையில் கைவைக்க வேண்டாம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பையன் கண் எரிகிறது என்று வந்தால் உருளைக்கிழங்கைச் சீவிக் கட்டுவதோடு விடாதீர்கள், கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பிடித்தானா என்று கேளுங்கள். நாகம் பூசிய குழாயைப் பற்றவைத்து இரவில் குளிர்காய்ச்சல் வந்தால், பால் குடித்தால் சரியாகிவிடும் என்பதும் வெறும் நம்பிக்கைதான். வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017இல் வகைப்படுத்தியது. முகக்கவசமும் காற்றோட்டமும் கேட்கிற பையன் சோம்பேறி அல்ல.

வெல்டர் அண்ணனுக்கும் கதவு அடைபடவில்லை. வகுப்பில் உட்காராமலே, முன் அனுபவத்தை மதிப்பிட்டு எஸ்.கே.எம். வழங்கும் முறை இருக்கிறது. பி.பி.டி. என்று கேட்டால் சொல்வார்கள். செய்த வேலையின் படங்கள் வேண்டும். எத்தனை வருடம், என்ன வேலை என்று நிர்வாகி கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். தோட்டம் கைமாறிய பிறகு அந்தக் கையெழுத்துக்கு எங்கே போவது? பழைய துரை மாறிப் போயிருப்பார், கிராணி ஓய்வு பெற்றிருப்பார், ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் கடைவீடு எழும்பியிருக்கும். நாளைக் காலை பெரட்டு முடிந்ததும் ஆபீஸ் வாசலில் போய் நின்று அந்தக் கடிதத்தைக் கேட்கட்டும் அண்ணன்.