பாட்டுக்குப் பெயர் எழுதுதல்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது, பண்ணின் தொன்மையையோ யாழின் சிறப்பையோ எடுத்துரைப்பேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். அப்பெரும்பொருளை அறிஞர்களுக்கு விட்டுவிட்டேன். நம் வீட்டுக் கணிப்பொறியிலும் கைபேசியிலும் குவிந்து கிடக்கும் பாட்டுகளுக்கு ஒழுங்காகப் பெயர் எழுதி வைப்பது எவ்வாறு என்பதே என் பொருள். கேட்பதற்குச் சிறிய பொருள்தான். எனினும், ராமாபுரத்தில் குடியேறி வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அது சிறிதன்று.

மைசூரிலிருந்தே தொடங்குகிறேன். 1928-ஆம் ஆண்டில் மைசூர் அரண்மனை இசைவாணராக அமர்ந்து, 1930 ஜனவரி 17-ஆம் நாள் இம்மைசூரிலேயே காலமானவர் கௌஹர் ஜான் அம்மையார். 1902-இல் கல்கத்தாவில் பிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் கிராமபோன் கம்பெனிக்காக இந்தியப் பாடல்களைப் பதிவு செய்தபோது பாடியவர்களுள் முதன்மையானவர் இவர். பாட்டு முடிந்தவுடன் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். தற்பெருமையால் அன்று. பதிவான மூலத்தகடுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்ற பிறகே இசைத்தட்டுகளாக அச்சாயின. அங்குள்ள தொழிலாளருக்கு நம் மொழியும் தெரியாது. பாடகரின் முகமும் தெரியாது. எந்தத் தட்டில் எவர் பெயரை ஒட்டுவது? பாடியவரே ஒலிக்குள் சொல்லி வைத்தால்தான் உண்டு.

இன்றைய எம்பி3 கோப்பிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. கோப்புக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று, வெளியே தெரியும் கோப்புப் பெயர். அஞ்சல் உறையின்மேல் எழுதிய முகவரி போன்றது. மற்றொன்று, கோப்பின் உள்ளேயே பொதிந்து கிடக்கும் குறிப்பு. பிள்ளைகள் அதை ‘டேக்’ என்பர். உறை கிழிந்தாலும் கடிதத்தினுள் எழுதிய பெயர் நிலைப்பது போல, வெளிப்பெயர் மாறினாலும் டேக் அழிவதில்லை. வாட்ஸ்அப் வழியாக உறவினர் அனுப்பும் பாட்டு, பெரும்பாலும் எண்களும் எழுத்துகளும் கலந்த பெயருடன்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. உள்ளே டேக் இருந்தால் பாடியவர் இன்னாரென்று அறியலாம்; இல்லையேல் அது அநாதைதான்.

இந்த டேக் முறை 1996-இல் எரிக் கெம்ப் என்பவரால் வகுக்கப்பட்டது. கோப்பின் கடைசியில் வெறும் 128 பைட் இடம். பாட்டின் பெயருக்கு 30 எழுத்து, பாடியவருக்கு 30, ஆல்பத்திற்கு 30, அவ்வளவே. அவையும் உரோமன் எழுத்துகளே. பாட்டின் வகையைக் குறிக்க 80 வகைகள் கொண்ட பட்டியல் ஒன்று இருந்தது. அதில் போல்கா நடனத்திற்கு இடமுண்டு; கருநாடக இசைக்கு இடமில்லை! வகுத்தவரைக் குறை கூறுவதற்கில்லை. அவர் கேட்ட பாட்டு அவருக்கு. 1998-இல் வந்த இரண்டாம் பதிப்பில் இடம் விரிந்தது, யூனிகோடும் வந்தது. ஆகவே இன்று தமிழிலேயே எழுதலாம். இயற்றியவர், பாடலாசிரியர், மொழி ஆகியவற்றுக்குத் தனித்தனி இடமும் உண்டு. ஆயினும் ராகத்திற்கென்று ஓர் இடம் இன்றுவரை இல்லை. பாட்டின் பெயரை அடுத்தே ராகத்தை எழுதிவிடுவது நல்லது என்பது என் கருத்து. குறிப்புப் பகுதியில் எழுதினால் பல கைபேசிகள் அதைக் காட்டுவதே இல்லை.

குறுந்தகடு வாங்கியவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். 1982-இல் அது சந்தைக்கு வந்தபோது அதனுள் ஒலி மட்டுமே இருந்தது. பாட்டின் பெயர்கள் அட்டையில்தான் அச்சிடப்பட்டிருந்தன. அதைக் கணிப்பொறியில் ஏற்றும்போது வந்து விழும் பெயர்களெல்லாம், முன்பு யாரோ ஓர் அன்பர் தட்டெழுதி இணையத்தில் சேர்த்து வைத்தவை. அதனால்தான் ஒரே தோடி ராகம் உரோமன் எழுத்தில் இரண்டு மூன்று விதமாக வருகிறது. நாம் ‘த’ என்ற ஒலிக்கு ‘டி, எச்’ என இரண்டு எழுத்து இடுவோம். பிறர் ஒன்றே இடுவர். கணிப்பொறிக்கு அவை வெவ்வேறு ராகங்கள். மியூசிக்பிரெய்ன்ஸ் என்னும் பொதுக் களஞ்சியம் 2000-ஆம் ஆண்டளவில் எழுந்தது. அதில் எவரும் சேர்க்கலாம், திருத்தலாம். அதன் துணையோடு டேக் எழுதும் பிக்கார்டு என்ற இலவச மென்பொருளும் உண்டு. வீட்டில் நூற்றுக்கணக்கில் கோப்பு வைத்திருப்போர் அதைப் பழகிக்கொள்வது பயன்தரும்.

தமிழில் எழுதினால் தொல்லை தீர்ந்ததா என்றால், அங்கும் இரண்டு கண்ணிகள் உண்டு. மேலே சொன்ன கௌஹர் ஜானின் பெயரையே பாருங்கள். முதலெழுத்து ஔகாரம் ஏறிய ககரம். பலர் ‘கெ’ என்று எழுதிப் பக்கத்தில் ‘ள’கரத்தை இட்டுவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கு வேறு சொல். கௌளை, கௌரிமனோகரி ஆகிய ராகங்களைத் தேடும்போது பாதிப் பாட்டுகள் அகப்படாமற் போவதற்கு இதுவே காரணம். மற்றொன்று ‘ஸ்ரீ’. அதை ஸகரத்தைக் கொண்டும் அமைக்கலாம். 2005-இல் யூனிகோடில் சேர்ந்த வேறொரு கிரந்த எழுத்தைக் கொண்டும் அமைக்கலாம். உருவம் ஒன்று, உள்ளெண் வேறு. ஸ்ரீராகம் உங்கள் பட்டியலில் இரண்டு தடவை நின்றால், மாயம் என்று எண்ண வேண்டா.

எதை எழுதுவது என்பதற்கு வருகிறேன். பாடியவர் வேறு, இயற்றியவர் வேறு. ‘ப்ரோசேவாரெவருரா’ என்ற கமாஸ் ராகக் கீர்த்தனை தெலுங்கில் இருப்பதால், தியாகராசர் இயற்றியதென்று எண்ணுவோர் உண்டு. அதை இயற்றியவர் 1865 முதல் 1961 வரை வாழ்ந்த மைசூர் வாசுதேவாசாரியார். நெல்லை நாட்டு அரிகேசநல்லூரிலிருந்து மைசூர் வந்து அரசவை வித்துவானாக விளங்கிய முத்தையா பாகவதர், சாமுண்டி அன்னை மீது 108 கீர்த்தனைகளைக் கன்னடத்தில் இயற்றினார். அவற்றின் டேக்கில் மொழி என்ற இடத்தில் ‘கன்னடம்’ என்று எழுதும்போது, நமக்கு முன்பே இவ்வழி நடந்தவர் ஒருவரை நம் பிள்ளைகள் அறிவர். திரைப்பாட்டுக்கு ஆண்டு இன்றியமையாதது. ‘பில்லா’ என்றால் 1980-இல் வந்ததா, 2007-இல் வந்ததா? பாடியவர் இடத்தில் நடிகர் பெயரை எழுதும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கோப்புப் பெயரில் வரிசை எண்ணை 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் எழுதுக. வெறும் 1, 2 என்று எழுதினால் சில கருவிகளில் ஒன்றையடுத்துப் பத்து வந்து நிற்கும்.

இவையெல்லாம் கடையில் வாங்கிய பாட்டுகளுக்குச் சொன்னவை. உண்மையைச் சொன்னால், அவற்றுக்கு நீங்கள் பெயர் எழுதாவிடினும் உலகில் வேறு எவரேனும் எழுதுவர். நான் அஞ்சுவது மற்றவற்றைக் குறித்து. திருமண வீட்டில் கேசட்டில் பதிந்த நாகசுரம், பாட்டி பாடிய தாலாட்டு, நடவுப்பாட்டு, ஊரில் நடந்த கூத்து. இவற்றைப் பொதுக் களஞ்சியம் எதுவும் அறியாது. பாட்டை ஒலியைக் கொண்டே கண்டுபிடிக்கும் மென்பொருளும் இங்கே கைவிரித்துவிடும். பாடியவர் இன்னார் என்று சொல்லக்கூடியவர், வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒரு முதியவர் மட்டுமே. ஆகையால் வேலையை அங்கிருந்து தொடங்குங்கள், திரைப்பாட்டு காத்திருக்கும். கேசட்டை கணிப்பொறியில் ஏற்றும்போது ‘பிளாக்’ என்னும் கோப்பு வகையில் சேமித்தால் ஒலி குறையாது. அதில் ராகம், ஊர், உறவுமுறை என நாமே புதிய இடங்களை வகுத்துக்கொள்ளலாம். இடத்தின் பெயர் மட்டும் உரோமன் எழுத்தில் இருக்க வேண்டும், உள்ளே எழுதுவது தமிழிலேயே இருக்கலாம். நாளை 1987-05-12 என்று ஆண்டை முதலில் வைத்து எழுதினால் கோப்புகள் காலமுறைப்படி தாமே நிற்கும்.

இனிமேல் பதிவு செய்வனவற்றில், பாட்டு முடிந்ததும் பாடியவரையே தம் பெயரையும் ஊரையும் சொல்லச் செய்யுங்கள். டேக் தவறினாலும் குரல் தவறாது.

இறுதியாக, எழுத்தைப் பற்றி ஒரு சொல். நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழ் எழுத்தறிந்தோர் சில வீடுகளில் பெற்றோர் மட்டுமே. தமிழில் மட்டும் எழுதினால் நாளை அவர்களால் படிக்க இயலாது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும். ஆகவே டேக்கில் தமிழும் கோப்புப் பெயரில் உரோமன் எழுத்தும் என்று வைத்துக்கொள்ளலாம் என்பேன். குறிப்புப் பகுதியில் கன்னட எழுத்திலும் ஒரு வரி சேர்க்க விரும்புவோர் சேர்க்கட்டும். அதைப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். தட்டெழுதுவதில் அவர்கள் நம்மினும் விரைவானவர்கள். பெரியவர் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை எழுதினால், கேசட் ஒன்றுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.